தலைப்பில்லாத மூக்கு

கன்னியப்பனின் மூக்கு விசிலடிக்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. மூச்சை இழுத்தால் ஒரு சத்தம், விட்டால் வேறொரு சத்தம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குரோமியம் பூசுகிற ஒரு கொட்டகையில் அவனுக்கு ஆறு வருஷமாக வேலை. சைக்கிள் ஹேண்டில்பார், கார் பம்பர், ஆபீஸ் மேஜைக் கைப்பிடி என்று பளபளக்க வேண்டிய சாமான் எதுவானாலும் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் முக்கி எடுப்பான். தொட்டியிலிருந்து எழும்புகிற ஆவி மூக்கு வழியாக உள்ளே போகும். முதலில் அரிப்பு, அப்புறம் புண், அப்புறம் ரத்தம். கடைசியில் இரண்டு துவாரத்துக்கும் நடுவிலிருக்கிற தண்டு அரித்துப்போய் ஓட்டை விழும். விழுந்துவிட்டால் வலி நின்றுவிடும்.

கொட்டகையில் இதை யாரும் வியாதி என்று சொன்னதில்லை. 'மூக்கு தொறந்துகிச்சு' என்றுதான் சொல்வார்கள். எவனுக்காவது மூக்கு திறந்துகொண்டால் மற்றவர்கள் அவனுக்கு டீயும் பொறையும் வாங்கிக் கொடுப்பார்கள். அவன் ஒரு தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிப்போட்டுவிட்டு, வலது துவாரத்தில் விட்டு இடது துவாரத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். எல்லாரும் கைதட்டுவார்கள். இப்படிக் குச்சி எடுத்துக் காட்டியவர்களில் கன்னியப்பன் பதினோராவது ஆள்.

அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள் கைதட்டவில்லை.

"இன்னாய்யா இது? அடுப்புல கருவாடு தீஞ்சுகினு கீது, மோந்து பாத்துட்டு ஒண்ணியும் தெர்லன்ற. மூக்குல பூந்து எலி கடிச்ச மாரி ஓட்டை. இதுக்கு டீ வேற வாங்கிக் குட்த்தானுங்களா, பாடுங்க!" என்று திட்டிக்கொண்டே அவனை மண்ணூர்பேட்டை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டர் ராபியா இருந்தார். பூந்தமல்லியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். டார்ச் அடித்துப் பார்த்தார். வலது பக்கம் அடித்த வெளிச்சம் இடது பக்கமும் தெரிந்தது.

"தொட்டியால வந்ததுதான். எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நான் சொன்னா மருத்துவ வாரியம் ஒத்துக்காது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு கேப்பாங்க."

"ஒத்துக்கலன்னா இன்னா ஆவும் டாக்டரம்மா?"

"அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி வாரியம் கூடுது. வேலையால வந்த நோய்னு ஒத்துக்கிட்டா உங்க பதினோரு பேரையும் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்தியாகணும். இல்லன்னா பத்தொன்பதாம் தேதி காலையில திரும்பத் தொட்டிதான். இது மூக்கோட நிக்காது கன்னியப்பன். நெஞ்சுக்குள்ள எறங்கும்."

வேம்புலியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வாரியம் கூடுகிறவரைக்கும் அவனுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டர் இன்னொரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"அந்தப் புத்தகம் வேற எங்கயும் போய்த் தேட வேண்டாம். நம்ம பேட்டையிலயே இருக்கு. மருத்துவ அறிவியல் நூலகத்துல வாங்கினதா ஒரு பட்டியல்ல பாத்தேன். மூணு தடவை லெட்டர் போட்டேன். பரிசீலனையில இருக்குன்னு மூணு தடவையும் பதில் வந்தது. நீங்க நேர்ல போங்க. நோயாளியப் பாத்தாலாவது மனசு எறங்குதான்னு பாப்போம்."

மனசு எங்கே இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த நூலகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

தொழிற்பேட்டை மருத்துவ அறிவியல் நூலகம் இரண்டு மாடிக் கட்டடம். தொழிலாளிகளுக்கு வரும் வியாதிகளைப் பற்றி உலகத்தில் யார் என்ன எழுதினாலும் வாங்கி வைக்க வேண்டும் என்று அறுபத்தைந்தில் திறந்தார்கள். வாசகர் கூடத்தில் நாற்பது நாற்காலி. ஒன்பது வருஷமாகியும் அவற்றின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. நடுவில் தேக்கு மரத்தில் ஒரு பெரிய அலமாரி. அதில் அறுபது சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு கைப்பிடி. கன்னியப்பன் குனிந்து பார்த்தான். தன் கை வேலை அவனுக்குத் தெரியாதா? நாலு வருஷத்துக்கு முன்னால் கைப்பிடிகளை மாற்றியபோது அறுபதும் அவனுடைய தொட்டியில் முக்கி எடுத்தவை.

இழுப்பறைகளுக்குள் அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு புத்தகமும் எந்தப் பொருளைப் பற்றியது என்று தீர்மானித்து, அந்தப் பொருளின் பெயரை அட்டையில் சிவப்பு எழுத்தில் தலைப்பாக அடிப்பார்கள். தலைப்பு கிடைத்தால்தான் புத்தகத்துக்கு அலமாரியில் இடம். அலமாரியில் இடம் கிடைத்தால்தான் அதை யாருக்கும் கொடுக்கலாம். இதுவரைக்கும் நியாயமாகத்தான் இருக்கிறது. உலகத்தில் எல்லா நூலகத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்கள்.

கன்னியப்பன் ஐந்தாவது வரை படித்தவன். 'மூ' என்று எழுதியிருந்த இழுப்பறையை இழுத்தான். மூக்கடைப்புக்குப் பதினேழு அட்டை இருந்தது. மூட்டுவலிக்கு இருபத்துமூன்று. மூலத்துக்கு நாற்பத்திரண்டு: மூலம் – உள், மூலம் – வெளி, மூலம் – அரசு ஊழியர், மூலம் – நாற்காலி வகைகள், மூலம் – தீபாவளிக்குப் பின். மூளை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மூக்குக்கு ஒரே ஒரு அட்டை. அதில், 'மூக்கு – பார்க்க: சுவாச உறுப்புகள்' என்றிருந்தது. சுவாச உறுப்புகளுக்குப் போனால், 'பார்க்க: மார்பு'. மார்புக்குப் போனால், 'குழுவின் பரிசீலனையில், 12.3.1967'.

கூடத்தின் கோடியில் ஒரு கண்ணாடிக் கதவு, அதற்குப் பெரிய பூட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் புத்தகம். நீல அட்டைப் புத்தகம் ஒன்றின் மேல் மூக்குப் படம் போட்டிருந்தது. மூக்கின் நடுவில் ஒரு ஓட்டை.

"சார், சார்! அதான் சார் என் மூக்கு!" என்று கன்னியப்பன் கத்தினான்.

தொழில்நுட்ப அலுவலர் பாஸ்கரன் எழுந்து வந்தார். தலைப்புக் குழுவின் செயலாளரும் அவர்தான். கையில் விதிப் புத்தகம் இருந்தது. குளிக்கப் போனாலும் அதைக் கையில் வைத்திருப்பார் என்று சொல்வார்கள்.

"கத்தாதே. இது வாசகர் கூடம்."

"வாசகர் யாரும் இல்லியே சார்."

"இல்லாதபோதும் கத்தக் கூடாது. என்ன வேணும்?"

கன்னியப்பன் டாக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டு, "அந்த நீலப் பொஸ்தகம் ஒண்ணு குட்த்தா போதும் சார்" என்றான்.

"அது புத்தகம் இல்லை."

கன்னியப்பன் பேந்தப் பேந்த விழித்தான். "நல்லா பாருங்க சார். அட்ட கீது, காகிதம் கீது..."

"உனக்கு அது புத்தகம். எங்களுக்கு அது வரவு. தலைப்பு கொடுத்த பிறகுதான் புத்தகம். இங்கே நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரவு இருக்கு. அதில் முந்நூற்றுப் பதினொன்று புத்தகமாகியிருக்கு."

"ஒம்போது வருசத்துலயா சார்?"

"அவசரப்பட்டுத் தப்பாகத் தலைப்பு கொடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது?" என்றார் பாஸ்கரன். உண்மையாகவே அவருக்கு அந்தக் கவலை இருந்தது. "இந்த வரவைப் பற்றி எனக்குத் தெரியும். தலைப்பு கொடுக்க முடியாது. ஒரு நோய்க்குத் தலைப்பு வேண்டுமென்றால் அதைப் பற்றி மூன்று புத்தகமாவது இருக்கணும். விதி பதினான்கு. இதைப் பற்றி ஒன்றுதான் இருக்கு. ஆகவே அப்படி ஒரு நோய் இல்லை."

"எங்க கொட்டாயில மட்டும் பதினோரு பேருக்கு கீது சார். பதினோரு மூக்கு."

"மூக்கெல்லாம் கணக்கில் வராது. புத்தகம்தான் கணக்கு."

கன்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். அவனை அனுப்ப வேறு வழி தெரியாமல் பாஸ்கரன் ஏழாம் நம்பர் படிவத்தைக் கொடுத்தார். தலைப்பு வேண்டுவோர் விண்ணப்பம். மூன்று பிரதி. நோயின் பெயர், நோய்க்கு இதற்கு முன் வழங்கிய பெயர், நோய் வேறு நூலகம் எதிலாவது தலைப்புப் பெற்றிருக்கிறதா, பெற்றிருந்தால் அங்கே ஏன் போகவில்லை என்றெல்லாம் கேட்டிருந்தது.

தட்டச்சு செய்கிற புஷ்பா அவனுக்காகப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்தில் கன்னியப்பனை உட்காரச் சொன்னவள் அவள் ஒருத்திதான். உறை பிரிக்காத நாற்காலியில் உட்கார்ந்ததும் அது கரகரவென்று சத்தம் போட்டது.

"அண்ணே, இங்க இருக்கற முந்நூத்துச் சொச்சம் தலைப்பையும் நான்தான் அடிச்சேன். சொல்றேன் கேளுங்க" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "டைரக்டருக்கு மூக்கடைப்பு. மூலமும் அவருக்குத்தான். மூட்டுவலி மருத்துவ ஆலோசகருக்கு. பாஸ்கரன் சாருக்கு வயித்துப் பொருமல், அதுக்கு முப்பது அட்டை. அவங்களுக்கு எது வருதோ அதுக்கு மூணு புக்கு என்ன, முப்பது புக்கு வரவழைப்பாங்க. தொழிலாளிக்கு வர்றது எதுவும் அவங்களுக்கு வரலியே, அதுக்கு நான் என்னண்ணே பண்ணட்டும்?"

தலைப்புக் குழு மாதத்தின் முதல் வியாழக்கிழமை கூடும். வாரியத்துக்கு முன்னால் வருவது ஒரே ஒரு வியாழக்கிழமை. விண்ணப்பதாரரும் வரலாம் என்று கடிதம் வந்தபோது வேம்புலியம்மாள் அவன் சட்டையை வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மேஜையைச் சுற்றி மூன்று பேர். நடுவில் டைரக்டர் ஜம்புலிங்கம். முன்னால் ஒரு வெள்ளிப் பொடி டப்பி. இடது பக்கம் மருத்துவ ஆலோசகர். அவர் டாக்டருக்குப் படித்தவர்தான், ஆனால் நோயாளிகளைக் கண்டால் அருவருப்பு என்பதால் நூலகத்துக்கு வந்துவிட்டவர். வலது பக்கம் பாஸ்கரன். ஆளுக்கு இரண்டு போண்டா, தேங்காய்ச் சட்னி. கன்னியப்பன் சுவரோரம் நின்றான்.

டைரக்டர் ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சிவிட்டுத் தொடக்கவுரை ஆற்றினார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆற்றுவதுதான்.

"நண்பர்களே! இந்த நூலகம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை இங்கே ஒரு புத்தகம் தொலைந்தது உண்டா? ஒரு பக்கம் கிழிந்தது உண்டா? ஒரு நூலாவது தவறான அலமாரிக்குப் போனது உண்டா? மற்ற நூலகங்களைப் போய்ப் பாருங்கள். வாசகர்கள் புகுந்து குட்டிச்சுவராக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நிலைமையை நாம் இங்கே வாசற்படி ஏறவே விடவில்லை. அறிவைப் பரப்புவது யாராலும் முடியும். பாதுகாப்பதுதான் கடினம்!"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அப்போது அறை அமைதியாயிற்று. அமைதியில் மெல்லிதாக ஒரு விசில் கேட்டது.

"யார் அது விசிலடிப்பது?"

"நான் அடிக்கல சார். மூக்கு அடிக்குது" என்றான் கன்னியப்பன்.

"கூட்டம் முடியும்வரை மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்" என்று பாஸ்கரன் அதட்டினார். பிறகு பொருளை எடுத்துவைத்தார். குரோமியத் தொட்டியில் வேலை செய்பவர்களின் மூக்கில் விழும் ஓட்டை. எந்தத் தலைப்பில் போடுவது?

மருத்துவ ஆலோசகர் போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தபடி, "முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. ஓட்டை என்பது மூக்கின் பகுதியா? மூக்கு எங்கே இல்லையோ அங்கேதானே ஓட்டை இருக்கிறது? இல்லாத மூக்கை மூக்கு என்ற தலைப்பில் போட்டால் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்றார்.

"உலோகங்கள் என்று போடலாமென்றால், அந்தத் தலைப்பை அறுபத்தெட்டிலேயே மூடிவிட்டோம்" என்றார் பாஸ்கரன். "திறக்க வேண்டுமானால் இரும்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்."

"அப்படியானால் நேரிலேயே பார்த்துவிடுவோம்" என்றார் டைரக்டர். "இந்த நபரை முன்னால் வரச் சொல்லுங்கள். எங்கே, ஓட்டையைக் காட்டு."

கன்னியப்பன் மூக்கை நிமிர்த்திக் காட்டினான். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து பார்க்க யாருக்கும் மனமில்லை. எப்படியாவது நம்ப வைக்க வேண்டுமே என்ற தவிப்பில் அவன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். ஒரு குச்சியின் மருந்தைக் கிள்ளிப்போட்டான். வலது துவாரத்தில் விட்டு இடது துவாரத்தில் எடுத்தான். ஒரு சொட்டு ரத்தம் இஸ்திரி போட்ட சட்டையில் விழுந்தது.

டைரக்டர் சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்க கொட்டாயில எல்லாருமே செய்வோம் சார். மூக்கு தொறந்துகினா செஞ்சு காட்றது வழக்கம்."

"வழக்கமா?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். பாஸ்கரனின் முகம் மலர்ந்துவிட்டது. விதிப் புத்தகத்தைச் சரசரவென்று புரட்டினார். "பழக்கவழக்கங்கள், தொழிலாளர்! ஏற்கெனவே இருக்கிற தலைப்பு! பீடியைப் பற்றி ஒன்று, வெற்றிலையைப் பற்றி ஒன்று, ஆக இரண்டு புத்தகம் இருக்கிறது. இது மூன்றாவது!"

கன்னியப்பனுக்கு எங்கேயோ தப்பாகப் போகிறது என்று புரிந்தது. "சார், ஓட்ட வுழுந்ததாலதான் குச்சி பூருது. குச்சியால ஓட்ட வர்ல சார். தொட்டி ஆவியாலதான்..."

"விண்ணப்பதாரர் பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் பாஸ்கரன்.

ஆனாலும் டைரக்டர் நியாயஸ்தர். நேரில் ஆய்வு செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது என்றார். நூலகம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் ஆய்வுக்குப் போனதில்லை, ஜீப்பும் சும்மா நிற்கிறது. செவ்வாய்க்கிழமை போவதென்று தீர்மானமாயிற்று.

கொட்டகையில் மாலை, சந்தனம், கோல்ட் ஸ்பாட் எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். தொட்டிகளுக்கு மேலே புகையை வெளியே தள்ளுகிற காற்றாடி ஒன்று இருந்தது. அது ஓடியதை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். கன்னியப்பன் லீவில் இருந்தாலும் வந்து நின்றான். அவனோடு வேலை செய்கிற கோவிந்தராஜ் காதோடு, "இன்னா மாமே, பெரிய ஆளுங்கள எல்லாம் இட்டாந்துட்ட! வேல ஆயிடும்ல?" என்றான். கன்னியப்பனுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

டைரக்டர் தொட்டியருகே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். நின்றார். போட்டோக்காரன் இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னான். குனிந்தார். முப்பது வருஷப் பொடியில் ஊறிய மூக்குக்குள் தொட்டி ஆவி புகுந்ததும் எட்டு தும்மல் தொடர்ந்து வந்தது. ஒன்பதாவது தும்மலில் கைக்குட்டையில் மிளகளவு ரத்தம் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் டைரக்டர் மயங்கி விழுந்தார். மருத்துவ ஆலோசகர் ரத்தத்தைப் பார்க்காமலிருக்கத் திரும்பி நின்றுகொண்டார். கடைசியில் தூக்கி ஜீப்பில் போட்டவர்கள் அந்தப் பதினோரு பேர்தான். விசிலடித்துக்கொண்டே தூக்கிப் போட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம். ஒன்பது வருஷத்தில் முதல் அவசரக் கூட்டம். பத்தரைக்கெல்லாம் இரண்டு அட்டைகள் புஷ்பாவின் மேஜைக்கு வந்துவிட்டன. அவள் அடித்தாள்.

முதல் அட்டை: 'மூக்கு – தொழில்சார் நோய் – அதிகாரிகள்.'

இரண்டாவது அட்டை: 'மூக்கு – துளை – தொழிலாளர். பார்க்க: பழக்கவழக்கங்கள், தொழிலாளர் (தீக்குச்சி செருகுதல்).'

"சார், முதல் தலைப்புக்கும் ஒரு புத்தகம்தானே சார் இருக்கு? விதி பதினாலு..." என்று புஷ்பா கேட்டாள்.

"டைரக்டரே ஒரு ஆதாரம் இல்லையா?" என்றார் பாஸ்கரன்.

நீல அட்டைப் புத்தகம் அன்றே புத்தகமாயிற்று. பூட்டைத் திறந்து, தூசி தட்டி, ஜீப்பில் வைத்து டைரக்டரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி என்ற இடத்தில் 'குணமாகும்வரை' என்று எழுதியிருந்தது. பதினாறாம் தேதி டாக்டர் ராபியா நூலகத்துக்கு நேரில் வந்தபோது அவருக்கு முதல் அட்டையையும் இரண்டாவது அட்டையையும் எடுத்துக் காட்டினார்கள். அவர் இரண்டையும் படித்தார். படியிறங்கிப் போய் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதார்.

பதினெட்டாம் தேதி ஆவடியில் ஒரு கட்டடத்தின் மாடியில் மருத்துவ வாரியம் கூடியது. முதல் வழக்கு டைரக்டர் ஜம்புலிங்கத்துடையது. கடமையாற்றும்போது ரசாயன ஆவியால் தாக்கப்பட்டவர். சான்று: நூலக அட்டை. இரண்டே நிமிஷத்தில் சம்பளத்தோடு ஆறு மாத ஓய்வும், இனி எந்த ஆவிக்கும் அருகில் அனுப்பக் கூடாது என்ற உத்தரவும் ஆயின.

அடுத்து கன்னியப்பன். வேம்புலியம்மாள் கதவருகே நின்றாள். டாக்டர் ராபியா எழுந்து, தொட்டி ஆவி மூக்கை எப்படி அரிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வாரியத் தலைவர் கையை உயர்த்தினார்.

"டாக்டரம்மா, உங்கள் கருத்து வேண்டாம். துறைக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. அறிஞர்கள் கூடி, நேரில் ஆய்வு செய்து, தலைப்பே கொடுத்திருக்கிறார்கள். தீக்குச்சி செருகுதல்." அவர் கன்னியப்பன் பக்கம் திரும்பினார். "ஏன்ப்பா, மூக்கில் தீக்குச்சி விட்டது உண்டா, இல்லையா?"

"உண்டு சார். ஆனா..."

"எத்தனை பேர்?"

"பதினோரு பேரும்தான். ஓட்ட வுழுந்தப்புறம்தான் சார் வுட்டோம்!"

"நீங்களே குச்சியை விட்டு மூக்கைக் குத்திக்கொண்டு கம்பெனி மேல் பழி போடுகிறீர்களா? அரசாங்கம் உங்களுக்காக இவ்வளவு பெரிய நூலகம் கட்டி வைத்திருக்கிறது. அங்கே போய் நல்ல பழக்கம் கற்றுக்கொள்ளக் கூடாதா?"

வேம்புலியம்மாள் கதவருகிலிருந்தே, "அந்த ஆபீசரு ஒரு நிமிசம் நின்னாரு, அவருக்கு நோவு. என் ஊட்டுக்காரரு ஆறு வருசமா நின்னுகினு கீறாரு, அவருக்குப் பழக்கமா? நல்லா கீதுய்யா உங்க நாயம்!" என்று கத்தினாள். பியூன் அவளைப் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

பத்தொன்பதாம் தேதி காலை கன்னியப்பன் தொட்டிக்குத் திரும்பினான். மூக்கு திறந்தால் டீ வாங்கிக் கொடுக்கிற வழக்கத்தை மட்டும் அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் மேலும் மூன்று பேருக்குத் திறந்துகொண்டது. மாசியில் கோவிந்தராஜ் இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் திரும்பி வேலைக்கு வரவில்லை. சித்திரையில் அவன் பெண்டாட்டி மட்டும் வெறும் கழுத்தோடு சொந்த ஊருக்குத் திரும்பிப் போனாள்.

நூலகத்தின் ஆண்டறிக்கையில் 'இவ்வாண்டு இரண்டு புதிய தலைப்புகள் உருவாக்கப்பட்டன. வாசகர் ஒருவர் பயனடைந்தார்' என்று போட்டிருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

புத்தகம் திரும்பி வருவதற்குப் பதினாலு மாதம் ஆயிற்று. வந்த அன்றைக்கே புஷ்பா மண்ணூர்பேட்டைக்கு ஆளனுப்பினாள். டாக்டர் ராபியாவும் கன்னியப்பனும் வந்தார்கள். பாஸ்கரன் வயிற்றுப் பொருமலோடு மாடியில் இருந்தார். கன்னியப்பன் இப்போது படியேறினால் மூச்சு வாங்கினான். புஷ்பா புத்தகத்தை அட்டை அலமாரியின் மேல் வைத்தாள்.

டாக்டர் பிரித்தார். பக்கங்களுக்கு நடுவில் மூக்குப்பொடி சிந்திக் கிடந்தது. ஒரு பக்கத்தில் கன்னியப்பனின் மூக்கைப் போலவே ஒரு மூக்கின் போட்டோ. அதன் கீழே இருந்ததை டாக்டர் விரலால் துடைத்துவிட்டுப் படித்தார்.

"இன்னா போட்டுகீது டாக்டரம்மா?"

"முதல் தடவை ரத்தம் வந்த அன்னிக்கே ஆளத் தொட்டிகிட்டருந்து மாத்திடணும்னு போட்டிருக்கு. மாத்திட்டா புண்ணு ஆறிடும், ஓட்டையே விழாதுன்னு போட்டிருக்கு."

கன்னியப்பன் புத்தகத்தைக் கையில் வாங்கினான். ஆங்கிலம் அவனுக்கு ஓடவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் நூலகத்தின் முத்திரை தமிழில் இருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். 'வரவு நாள்: 22.8.1966.'

"இது இங்க வந்த தேதியாம்மா?"

"ஆமாண்ணே" என்றாள் புஷ்பா.

"நா தொட்டிக்கு வந்தது அறுபத்தெட்டு தை மாசம்" என்றான் கன்னியப்பன். மறுபடியும் ஒருமுறை தேதியைப் பார்த்தான். "எனக்கு முன்னாடியே வந்து குந்திகினு இருந்துக்குது."

புத்தகத்தை மூடி, கவனமாக அலமாரி மேல் வைத்தான். தன் கையால் முலாம் பூசிய அறுபது கைப்பிடிகளையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு நெஞ்சின் அடியிலிருந்து காறி, அந்த அலமாரியின் முகப்பில் துப்பினான். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். டாக்டரும் அவன் பின்னாலேயே போனார்.

சத்தம் கேட்டு பாஸ்கரன் மாடியிலிருந்து ஓடிவந்தார். கைப்பிடியில் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் பிரித்தார். இந்த விஷயத்துக்குக் குழு கூட வேண்டியிருக்கவில்லை, மூன்று புத்தகமும் தேவைப்படவில்லை. பதினைந்து நிமிஷத்தில் அட்டை தயாராகி, எழுத்து வரிசையில் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

'பழக்கவழக்கங்கள், தொழிலாளர் – துப்புதல்.'